பதினோரு ஃபிரேம்

ஆர்வில் நாப்கியை நான் நேரில் பார்த்தது
மொத்தமே நாலு தடவை.
ஆனால் என் அளவுக்கு அவனை வெட்டியவர்கள்
கலிஃபோர்னியாவில் யாருமில்லை.

ஸ்டுடியோவின் பின்கட்டில் சன்னலில்லாத அறை எனக்கு.
கழுத்தில் கத்தரி, கையில் வெள்ளைக் கையுறை,
கொடியில் துணி மாதிரி
தலைக்கு மேலே தொங்கும் பிலிம் துண்டுகள்.
ஏதாவது ஒன்றில் அவன் இருப்பான்:
ஓட்டல் குமாஸ்தாவாக, ரயில் கண்டக்டராக,
கதாநாயகி தப்பியோடும் வழியில்
மூன்றடுக்குக் கேக்கோடு குறுக்கே வருபவனாக.
பெயர்ப் பட்டியலில் பன்னிரண்டாம் வரி.
சில சமயம் அதுவும் கிடையாது.

ஒஹாயோவில் அவன் அப்பாவுக்கு
எடைமேடையில் வேலையாம்.
தானிய வண்டி ஏறி, முள் ஆடி அடங்கும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம்.
"நான் செய்வதும் அதுதான், மிஸ் கத்தரி"
என்றான் முதல் தடவை, கேண்டீனில்,
சூப்புக்குள் பிஸ்கட்டை நொறுக்கியபடி.

வித்தை ஒன்றே ஒன்று.
நடக்கக்கூடாதது எதிரே நடக்கும்.
தொப்பி போட்ட நெருப்புக்கோழி
ஓட்டலில் அறை கேட்கும், வையுங்கள்.
பார்ப்பான். "நல்வரவு" என்பான்.
பேரேட்டில் குனிந்து எழுதுவான்.
பேனா நிற்கும்.

பிறகுதான் தலை நிமிரும்.

நடுவே பதினோரு ஃபிரேம். எண்ணியிருக்கிறேன்.
அரை விநாடிகூட இல்லை.
பத்தென்றால் அவசரக்காரன்,
பன்னிரண்டென்றால் மந்தபுத்தி.
பதினொன்றில் கொட்டகை அதிரும்.
எந்த இயக்குநர், எத்தனையாவது டேக்,
ஜலதோஷமா, மூன்று மாத வாடகை பாக்கியா,
பதினொன்றுதான்.

ஒரே ஒரு தடவை அவனைக் கதாநாயகனாக்கினார்கள்.
ஊறுகாயைச் சோறாகப் போட்டால் எப்படி?
இலையோடு மூடிவிட்டது ஜனம்.
அடுத்த வாரமே சீருடை மாட்டி
லிஃப்டுக்குள் நின்றான். சந்தோஷமாகத்தான்.

ஐம்பத்தொன்றில், ஒரு செவ்வாய்க்கிழமை
அவன் மனைவி இர்மா போனாள்.
வியாழக்கிழமை அந்த நெருப்புக்கோழி.
சுருள் என் மேசைக்கு வந்தது.
எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
பத்தொன்பது.
மூன்று டேக்கிலும் பத்தொன்பது.

"கிழவனுக்கு என்ன கேடு, எட்டைத் தூக்கு"
என்றது தொலைபேசி.
தூக்கினேன். கோழியின் முகத்தைச் செருகி
ஒட்டை மறைத்தேன்.
சிரித்தார்கள், வழக்கம்போல.

வெட்டியது கூடைக்குத்தான் போக வேண்டும்.
அதை மட்டும் ஆஸ்பிரின் டப்பாவில் போட்டுக்கொண்டேன்.
அழுகையெல்லாம் இல்லை அதில்.
பேரேட்டில் யாரோ ஒருவர் பெயரின்மேல்
நின்றுவிட்ட பேனா.
சிரிப்புக்குக் காத்திராத ஒரு முகம்,
அவ்வளவுதான்.

நாலாவது தடவை, கிளெண்டேலில்,
மளிகைக் கடைக்கு வெளியே.
அப்போது அவன் டிவியில்
பல்செட் பசைக்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தான்.
டப்பா என் கைப்பையில்தான் கிடந்தது.
கொடுத்தேன். சொன்னேன்.
வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.
உதடு அசைய எண்ணினான்.

"எட்டென்றாயே. இங்கே ஏழுதான் இருக்கிறது."

எண்ணிக்கையில் நான் பிசகியதே கிடையாது.
"ஒட்டும்போது ஒன்று போயிருக்கும்" என்றேன்.
"படத்துக்குள் போயிருக்கும்" என்றான் அவன்.
"அப்படியானால் பன்னிரண்டு.
பன்னிரண்டுக்குமா சிரித்தார்கள்?"

சிரித்தார்கள் என்றேன்.

தள்ளுவண்டிக்குள் குனிந்தான்,
முட்டை அட்டையைத் தக்காளிமேலிருந்து நகர்த்தி வைத்தான்,
கை நின்றது.
நிமிர்ந்தான்.

"அட, முப்பது வருஷமாக
ஒரு ஃபிரேமைச் சும்மா
மிச்சம் பிடித்திருக்கிறேனே!"

டப்பாவைத் திருப்பித் தந்தான்.
உன்னிடமே இருக்கட்டும்,
என் வீட்டில் எறும்புத் தொல்லை என்றான்.